மங்கல்

கண்ணாடி டம்ளரில் நாம் பார்ப்பது தண்ணீரை. தண்ணீர் இல்லாதபோது பின்னாலிருக்கும் சுவரை. டம்ளரைப் பார்ப்பதில்லை. அது கண்ணில் தங்கவேண்டுமானால் தன் தெளிவில் கொஞ்சத்தை இழந்தாக வேண்டும். கண்ணாடிப் பாத்திரங்களில் பனி படிந்தாற்போல் மங்கலாக அலங்காரம் செய்யும் வேலை இந்த இழப்பை நம்பி நடக்கிறது.

வீட்டிலிருந்த ஆறு டம்ளர்களில் நான் இந்த வேலையைச் செய்து பார்த்தேன். ஒட்டுத்தாளில் இலை வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதித் தாளைச் சுருக்கம் விழாமல் டம்ளரின் வெளிப்புறத்தில் ஒட்டவேண்டும். திறந்திருக்கும் இடத்தில் கண்ணாடியை அரிக்கும் பசையைக் கனமாகப் பூசி, குப்பியில் குறித்திருக்கும் நேரம் காத்திருந்து, கழுவித் தாளை உரித்தால் வெள்ளையாக ஓர் இலை நிற்கும். பசையிலிருப்பது அம்மோனியம் பைஃப்ளூரைடு மாதிரியான உப்பு. கண்ணாடியின் சிலிக்காவைத் தின்னக்கூடியது. தோலுக்குள் இறங்கினால் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ரப்பர் கையுறை அவசியம். வாய் வைக்கும் விளிம்பின் பக்கம் பசை போகக்கூடாது.

"நல்லா இருந்த கண்ணாடிய ஏன் இப்படிச் சுரண்டி வெக்கறீங்க?" என்று கேட்டாள் மனைவி. சுரண்டல் என்பது துல்லியமான சொல். இலையின் வெண்மை பூச்சு இல்லை. அமிலம் தின்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள். அவற்றில் பட்ட வெளிச்சம் திசைக்கொன்றாகச் சிதறுகிறது. வெளிச்சம் ஊடே வருகிறது, பிம்பம் வருவதில்லை. தின்றதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

'எழுத்து' தொடங்கிய 1959 முதற்கொண்டு புதுக்கவிதையைப் பற்றிச் சொல்லப்பட்டுவரும் புகாரும் ஏறக்குறைய என் மனைவியின் கேள்விதான். நல்ல தமிழை ஏன் மங்கலாக்குகிறீர்கள்? இதற்கு நம் பக்கத்திலிருந்து வந்த பதில்களில் பல, மங்கலே ஆழம் என்கிற பாவனையில் அமைந்தவை. எனக்கு அதில் சம்மதமில்லை. கண்ணாடி இதற்கு ஒரு சோதனையை வைத்திருக்கிறது.

ஈரமான விரலை மங்கல் பரப்பின்மேல் வைத்தால் அந்த இடம் தெளிந்துவிடும். தண்ணீர் குழிகளை நிரப்புகிறது. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5. இரண்டும் நெருங்கியிருப்பதால் சிதறல் பெருமளவு அடங்கிவிடுகிறது. நனைத்தால் என் இலைகள் கிட்டத்தட்டக் காணாமல் போகின்றன. காய்ந்ததும் திரும்புகின்றன.

ரெனே லாலிக் (1860–1945) நகை வேலையிலிருந்து கண்ணாடிக்கு வந்த பிரெஞ்சுக்காரர். அவருடைய 'பக்காந்த்' பூஜாடி 1927இல் செய்யப்பட்டது. புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஜாடியைச் சுற்றிலும் ஆடைகளற்ற பெண்ணுருவங்கள், வார்ப்பிலேயே புடைத்து நிற்பவை. அவர் கைவண்ணத்தில் மங்கல், தோளிலும் இடுப்பிலும் வெளிச்சத்தைத் தேக்கி வைப்பதற்காக வருவது. அந்த ஜாடியை நனைத்தால் பனி விலகும், பெண்கள் விலகமாட்டார்கள்.

1870இல் அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் மணலைப் பீச்சி அடித்துக் கண்ணாடியை அரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வேகமான முறை. அலுவலகத் தடுப்புகளிலும் குளியலறைக் கதவுகளிலும் இன்று நாம் காணும் மங்கலில் கணிசமானது அவ்வழி வந்தது. அங்கே மங்கலின் வேலை மறைப்பது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. பின்னால் எதுவுமே இல்லாத இடத்தில் போட்ட மங்கல்தான் தொந்தரவு.

கவிதைக்கும் ஈரவிரல் உண்டு. இன்ன சம்பவம், இன்ன ஊர், இன்ன புராணக்கதை என்று யாரோ சொல்லும் ஒரு வரி விளக்கம் அது. சில கவிதைகள் அந்த ஈரம் பட்டதும் பின்சுவரைக் காட்டிவிட்டுத் தாம் மறைந்துவிடுகின்றன. வேறு சிலவற்றில் விளக்கமெல்லாம் தெரிந்த பிறகும் உருவம் கைக்குத் தட்டுப்படுகிறது. 'புரியவில்லை' என்பவரும் 'புரியவேண்டியதில்லை' என்பவரும் பரப்பையே பார்த்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். விமர்சகன் செய்யக்கூடியது விரலை நனைத்துக்கொள்வது. பிறகு தடவிப் பார்ப்பது.