மேட்டை வெட்டி ஏரிக்கு வழிவிட்ட பெண்கள்

கஜுராஹோ கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் அந்த மாவட்டத்தின் ஏரிகளைப் பார்ப்பதில்லை. மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூர் மாவட்டம் அது. புந்தேல்கண்ட் வட்டாரம். கோயில் கட்டிய சந்தேல மன்னர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கம் ஏரிகளும் வெட்டினார்கள். காரணம் காலடியிலேயே இருக்கிறது: மேலே கொஞ்சம் மண், கீழே கருங்கல் பாறை. ஆண்டுக்கு 800 முதல் 1,000 மி.மீ. வரை மழை உண்டு. ஏறக்குறைய நம் தமிழ்நாட்டுச் சராசரிதான். ஆனால் நான்கு மாதத்தில் கொட்டிவிட்டு, பாறை மேல் வழிந்து ஓடிவிடும். கோடையில் கைப்பம்பு அடித்தால் காற்றுதான் வரும்.

இந்த மாவட்டத்து அக்ரோதா கிராமத்திலும் ஓர் ஏரி இருந்தது. மழை பெய்தும் வறண்டே கிடந்தது. காட்டுப் பக்கம் பெய்த மழைநீருக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு குன்று மேடு. நீர் ஏரிக்கு வராமல் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. வரத்துக் கால்வாய் இல்லாத ஏரி, வாய் கட்டிய குடம் மாதிரிதானே!

ஊர் ஆண்களில் பலர் டெல்லிப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள். குடம் தூக்குவது பெண்கள்தான். ஆனால் தண்ணீர் பற்றிப் பேசும் கூட்டத்தில் அவர்கள் முக்காட்டுக்குள் கீழே உட்கார்ந்திருப்பார்கள். இதை மாற்றத்தான் புந்தேல்கண்டில் 'பானி பஞ்சாயத்து' என்ற பெண்கள் குழுக்கள் தொடங்கின. அவற்றில் முன்நிற்பவர்களுக்கு 'ஜல் சகேலி' என்று பெயர். தண்ணீர்த் தோழி என்று சொல்லலாம். நீலச்சேலை அவர்களின் அடையாளம். ஸ்பானர் பிடித்துக் கைப்பம்பு பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். மெக்கானிக் வரும்வரை காத்திருப்பது நின்றது.

அக்ரோதாவில் கல்லூரி மாணவி பபிதா ராஜ்புத்தும் மற்ற பெண்களும் சேர்ந்து அந்த மேட்டையே வெட்டத் துணிந்தார்கள். அது வனத்துறை நிலம். அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறகு 200-க்கும் மேற்பட்ட பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினார்கள். 107 மீட்டர் நீளத்துக்குக் கல்லும் மண்ணும் வெட்டி எடுக்க ஒன்றரை ஆண்டு பிடித்தது. 'மலையைப் பிளந்தார்கள்' என்று செய்தித்தாள்கள் எழுதின. பிளந்தது மலை அல்ல, ஒரு மேடுதான். அதனால் உழைப்பு குறைந்துவிடாது. வீட்டு வேலை, வயல் வேலை முடித்துவிட்டு வந்து வெட்டியது அது.

மழைநீர் நேராக ஏரிக்கு வந்தது. சுற்றியிருந்த கிணறுகளிலும் கைப்பம்புகளிலும் நீர் ஏறியது. கோதுமை, கடுகு போட முடிந்தது. 2021 பிப்ரவரியில் பிரதமர் தன் வானொலி உரையில் இதைக் குறிப்பிட்டதும் ஊர்ப்பெயர் நாடெங்கும் தெரிந்தது. கால்வாயில் சேரும் வண்டலை மழைக்கு முன் அள்ளுவது யார், ஏரி நீர் யார் வயலுக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் வானொலியில் வராது. அந்தப் பேச்சு நடக்கும் கூட்டத்தில் பெண்களுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

காகிதத்தில் இடம் நம் ஊரிலும் இருக்கிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்ட வழிகாட்டுதலின்படி, ஊராட்சிக் குடிநீர்க் குழுவில் 10 முதல் 15 பேர். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பெட்டிக் கருவியால் சோதிக்க ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சியும் உண்டு. உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அடுத்த கிராம சபையில் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். சில பெண்களுக்குத் தங்கள் பெயர் அதில் இருப்பதே அன்றுதான் தெரியவரலாம்.