திருக்கடையூரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

மயிலாடுதுறையில் ரயிலைவிட்டு இறங்கி, தரங்கம்பாடி சாலையில் வேன் பிடித்து நேற்று மாலை வந்து சேர்ந்தோம். அண்ணனுக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம்.

விடிகாலையில் கோயிலுக்குள் நுழைந்தால் பிரகாரம் முழுக்கக் கல்யாணக் களைதான். அறுபது, எழுபது, எண்பது என்று தூணுக்குத் தூண் ஒரு ஜோடி, ஒரு ஹோமம். மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த தலம், அட்ட வீரட்டங்களில் ஒன்று. ஆயுள் வேண்டி வருகிறவர்களுக்கு வருஷம் முழுக்கக் குறைவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவு போட்டு வந்து, பெற்றவர்கள் கல்யாணத்தை முன்னின்று நடத்துகிறார்கள். இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கல்யாணங்களைப் பார்த்ததும் என்னுடையது நினைவுக்கு வந்தது. 1966-இல் நடந்த அதில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறு வயது. பெண்ணுக்குப் பதினைந்து போதும் என்றிருந்த சட்டம், 1978-இல்தான் பதினெட்டு என்றது. போன வருஷம் என் பேத்தி, வேற்றுச் சாதிப் பையனை அழைத்து வந்து, "உங்களுக்குச் சம்மதமா பாட்டி?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரரை உனக்குத் தெரியும், கறுப்புச் சட்டைக்காரர். 1967-இல் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று அண்ணா சட்டம் கொண்டுவந்தபோது, "ஒரு வருஷம் பொறுத்திருந்தா அய்யர் இல்லாமலே கட்டியிருக்கலாமே" என்று வருந்தியவர். இருந்தும் என் வெள்ளிக்கிழமை விளக்கையும் அபிராமி அந்தாதியையும் ஒரு நாளும் தடுத்ததில்லை. கோயில் வரைக்கும் கூட்டி வருவார், உள்ளே வரமாட்டார். என் செருப்பைத் தன் காலருகே வைத்துக்கொண்டு தேரடியில் பேப்பர் படித்தபடி நிற்பார். அறுபது காணாமலே போய்விட்டார். பொட்டை அழிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். அழிக்கவில்லை.

இன்று கலச நீர் ஊற்றும் நேரம். அண்ணனும் அண்ணியும் மணையில் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேலே சல்லடை பிடித்திருந்தார்கள். "சுமங்கலிங்க எல்லாம் முன்னால வாங்க" என்று ஒரு குரல். நான் தூண் பக்கம் நகர்ந்துகொண்டேன். எத்தனை வீட்டுக் கல்யாணத்தில் அப்படி நகர்ந்திருக்கிறேன்! அண்ணி எட்டிப் பார்த்து, "எங்க நாத்தனார் எங்கே? முதல்ல அவ ஊத்தட்டும், அப்புறம் மத்தவங்க" என்றார். குருக்கள் மறுபேச்சுப் பேசாமல், நூல் சுற்றிய கலசத்தை என் கையில் கொடுத்தார். சல்லடை வழியே இறங்கிய தண்ணீர் அண்ணன் நெற்றி விபூதியைக் கரைத்துக்கொண்டு ஓடியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

பிறகு அம்மன் சந்நிதியில் வெகுநேரம் நின்றேன். காலன் கொண்டுபோனது அவரை. தண்டனை மட்டும் எனக்கு என்பது என்ன நியாயம் என்று அபிராமியிடமே கேட்டேன். அவளை நம்புகிறவள் என்பதால்தான் கேட்க முடிந்தது.

விதவை மறுமணம் செல்லும் என்று 1856-லேயே சட்டம் வந்தது. ஆனால் சாதியை விட்டுக்கொடுத்துக் கல்யாணம் செய்கிற வீடுகளில்கூட, ஆரத்தித் தட்டு வந்ததும் மணப்பெண்ணைப் பெற்றவள் விதவையென்றால் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். அவளைப் போகச் சொல்லி யாரும் சொல்வதில்லை. போகாதே என்றும் சொல்வதில்லை. இதைப் பேத்திமார் மாற்றட்டும் என்று நாம் விட்டுவிடக் கூடாது. அவர்கள் சொன்னால் "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்பார்கள். நம் வயதில் ஒருத்தி வாய் திறந்தால் பந்தலில் எதிர்த்துப் பேச ஆளிருக்காது. இன்று அண்ணி ஒரு வார்த்தைதான் சொன்னார்.

வைகாசியில் உன் தம்பிக்கு மணிவிழா என்று எழுதியிருந்தாயே. உன் சின்ன நாத்தனார், பாவம், பந்திக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறவர். அவரை நீயே கையைப் பிடித்து அழைத்து வந்து, முதல் கலசத்தை அவர் கையில் கொடு.

அன்புடன்,
உன் தோழி