கொடிகாமத்து றேடியோ ஐயா

கொடிகாமத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை என்று எழுதினால், அது அஞ்சலிக் கட்டுரைகளில் வழக்கமாக வரும் சம்பிரதாய வசனமாகிவிடும். உண்மையில் அவருடைய இயற்பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது. சந்தையடியில் யாரிடமாவது பெயரைச் சொல்லி விசாரித்தால் சற்று யோசிப்பார்கள். பிறகு, "ஓ, றேடியோ ஐயாவின்ரை வீடோ?" என்று கேட்டுவிட்டு வழி காட்டுவார்கள். கடந்த மாதம், தமது தொண்ணூற்றோராவது வயதில் அவர் காலமானார். தம்மைப் பற்றி எவரும் பெயர் போட்டு எழுதவேண்டாம் என்று பிள்ளைகளிடம் அவர் சொல்லிவைத்திருந்தார். ஆகவே இங்கும் அப்பெயரைத் தவிர்க்கிறேன். அந்த விருப்பத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மேலே வாசிக்கையில் அது விளங்கும்.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கையில் இயங்கியதால், படையினருக்கென ஒரு வானொலி நிலையம் தோன்றியது. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் 100 கிலோவாற் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்து படையினர் போய்விட்டனர். இயந்திரம் நாட்டுக்கு மிஞ்சியது. 1949 இல் உருவான றேடியோ சிலோனின் குரல் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் ஒலித்ததற்கு இந்த வலுவே அடிப்படை. எஸ்.பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அறிமுகமானது இப்படித்தான். குரலுக்குரியவர்களை உலகம் அறிந்தது. அந்தக் குரல் விண்ணில் ஏறுவதற்கு இரவு பகலாகக் கண்விழித்த தொழில்நுட்பவியலாளர்களை எவரும் அறியார். எங்கள் ஐயா அவர்களுள் ஒருவர். 1950 களின் நடுப்பகுதியில், இருபதை அப்போதுதான் தாண்டிய வாலிபராக அங்கு வேலைக்குச் சேர்ந்தார்.

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் யாழ்தேவியில் வந்து கொடிகாமத்தில் இறங்குவாராம். ஒரு கையில் பிள்ளைகளுக்கான பை, மறுகையில் ஊரார் திருத்தக் கொடுத்திருந்த வானொலிப் பெட்டி. இக்காட்சியை அவருடைய துணைவியார் பலமுறை எனக்கு விபரித்திருக்கிறார். 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் அவர் குடும்பத்துடன் ஊர் திரும்பினார். பிறகு தனியாகச் சிறிது காலம் கொழும்பில் வேலைபார்த்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வுபெற்றுக்கொண்டார். நான்கு பிள்ளைகளின் படிப்பு, தென்னங்காணி, வீட்டு விறாந்தையில் ஒரு மேசை. இவையே அவருடைய உலகமாயின.

அந்த மேசையின் அருமை 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னரே ஊருக்குத் தெரிந்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. உலர் பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன. நாட்டில் என்ன நடக்கிறது என்பதை அறிய வானொலியை விட்டால் வேறு வழியில்லை. அந்த வானொலிக்கோ உயிர் கொடுக்க வழியில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலியை இயக்கிய காலம் அது. அக்காலத்தில் வாழ்ந்த எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் டைனமோவை நேரடியாக இணைத்தால் வானொலி உறுமும். அதிலிருந்து வருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு டயோட்டுகளையும் ஒரு மின்தேக்கியையும் ஒரு சிறு மரத்துண்டில் பொருத்தி அந்த உறுமலை அடக்கும் வித்தையை ஐயா ஊர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பழுதடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றியவையே அதற்கான உதிரிப்பாகங்கள். செத்துப்போன பற்றரிகளில் ஆணியால் துளையிட்டு உப்புநீர் ஊட்டினார். நான்கு பற்றரி போடவேண்டிய இடத்தில், வலுக்குன்றிய பத்துப் பற்றரிகளை ஒரு குழாய்க்குள் வரிசையாக அடுக்கினார். ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்க மின்சாரம் இல்லை. அதற்குச் சிரட்டைக்கரி இருந்தது. தென்னைக்குப் பெயர்போன கொடிகாமத்தில் சிரட்டைக்கு என்ன பஞ்சம்?

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் அப்போது இளம் நிருபனாக இருந்த நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். தென்மராட்சியில் கதவு திறக்காத வீடு அரிது. எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது ஐயாவின் வீட்டு விறாந்தை. அந்த வளவில் ஏற்கெனவே ஆறு குடும்பங்கள் இருந்தன. இரவு ஒன்பதேகால் மணிக்கு பிபிசி தமிழோசை தொடங்கும்போது, அயலிலிருந்தும் ஆட்கள் வந்து முற்றம் நிறைந்துவிடும். இரு தென்னைகளுக்கிடையே கட்டிய செப்புக்கம்பிதான் அன்ரெனா. ஐயா அலைவரிசையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பின்னால் சென்று துணைவியாருக்கு அருகில் அமர்ந்துகொள்வார். செய்தி முடிந்ததும் நடக்கும் வாதப்பிரதிவாதங்களில் அவர் கலந்துகொண்டதை நான் கண்டதில்லை.

அவருக்கு ஒரு நியதி இருந்தது. ஒருநாள் நானே அதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, கேக்கிறதுக்கு எதையும் திருத்தித் தருவன். கதைக்கிறதுக்கு ஒண்டும் செய்யமாட்டன்" என்றார். அதாவது வாங்கிகளைத் திருத்துவார். ஒலிபரப்பிகளையும் தொடர்பாடல் கருவிகளையும் தொடமாட்டார். மாபெரும் ஒலிபரப்பியோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் இப்படிச் சொன்னது எனக்கு விசித்திரமாகப் பட்டது. அப்படிப்பட்ட அறிவுடையவரைத் தேடி, போர்க்காலத்தில் யார் யார் வருவார்கள் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். காலத்துக்குக் காலம் வெவ்வேறு தரப்பினர் வந்தனர். எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஊரில் சிலர் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். அவருடைய மூத்த மகனே ஒருமுறை அப்படிக் கேட்டதாகவும், அதன்பின் தகப்பனும் மகனும் சில வாரங்கள் பேசிக்கொள்ளவில்லை என்றும் பின்னாளில் அறிந்தேன்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. திருத்த வந்த ஒவ்வொரு பெட்டியைப் பற்றியும் அதில் குறிப்பு இருக்கும். பிலிப்ஸ், மூன்று பட்டி, ஒலிபெருக்கி கிழிவு. நஷனல், டயல் நூல் அறுந்தது. இன்ன திகதி, இவ்வளவு கூலி. பெரும்பாலான வரிகளில் கூலி என்ற இடம் வெறுமையாக இருந்தது. எந்த வரியிலும் ஆளின் பெயர் இல்லை. ஒருமுறை அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்று இரண்டு நாட்கள் வைத்திருந்தார்கள். எந்தத் தரப்பு என்பது இங்கு முக்கியமல்ல. வேலைசெய்யும் வானொலிகள் எந்தெந்த வீடுகளில் உண்டு, யார் யார் வந்து கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். கொப்பியைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு பெயரும் அகப்படவில்லை. "எனக்குப் பெட்டியளைத்தான் தெரியும், ஆக்களைத் தெரியாது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். மூன்றாம் நாள் காலை நடந்தே வீடு வந்தார். முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டு, பாதியில் விட்டிருந்த பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார். துணைவியார் இதைச் சொன்னபோது, அந்த இரண்டு இரவுகளும் அடுப்பு மூட்டவில்லை என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்.

பத்திரிகைத் தொழிலில் தகவல் தந்தவரைக் காப்பது முதற்கடமை என்பார்கள். அதைப் பற்றிய கருத்தரங்குகள் பலவற்றில் பின்னாளில் அமர்ந்திருக்கிறேன். ஆனால் ஓர் ஆளின் பெயரைக் காப்பதற்கு மிகச் சிறந்த வழி அதை முதலில் எழுதாமல் விடுவதே என்பதை அந்தக் கொப்பிதான் எனக்குக் கற்பித்தது. என் சொந்தக் குறிப்பேடுகளிலும் அன்றிலிருந்து பெயர்கள் இல்லை.

அவரைப் பயந்தவர் என்று சொல்லலாமா? இதையும் அவரிடமே கேட்டிருக்கிறேன். "பயமில்லையெண்டு ஆர் சொன்னது? நாலு பிள்ளையள் தம்பி" என்றார். அவ்வளவுதான். தம்மை வீரராகக் காட்டிக்கொள்ள அவர் என்றுமே முயன்றதில்லை. ஆனால் வெறும் பயம் மட்டும் கொண்ட மனிதர் படலையைப் பூட்டியிருப்பார். மேசையை விறகாக்கியிருப்பார். இவரோ ஒவ்வோர் இரவும் படலையைத் திறந்து வைத்தார். செய்தியைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, அதைக் கொண்டு என்ன செய்வது என்பது அவரவர் பொறுப்பு என்பதே அவர் நிலைப்பாடு என்று நான் விளங்கிக்கொள்கிறேன். எல்லோரும் ஏதோவொரு பக்கத்துக்குப் பேசவேண்டும் என்று நெருக்கப்பட்ட காலத்தில், கேட்பவர்களின் பக்கம் ஒருவர் நின்றார். அதற்கும் துணிவு வேண்டும்.

2000 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்ததைத் தொடர்ந்து தென்மராட்சியும் போர்க்களமானது. ஊரோடு அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பிள்ளைகளில் மூவர் காலப்போக்கில் கனடாவிலும் இலண்டனிலும் குடியேறினர். மூத்தவரும் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் மகன் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் ஐயாவின் முதற் கேள்வி, "என்ரை குரல் தெளிவாக் கேக்குதோ?" என்பதுதானாம். "அதைக் கேக்க எனக்குக் கண் கலங்கும் அண்ணை" என்று மகன் அண்மையில் என்னிடம் சொன்னார்.

2014 இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. 2017 ஏப்ரல் இறுதியில் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. இரண்டையும் அவர் பார்த்துவிட்டார். கடைசி ஆண்டுகளில் துணைவியாருக்குச் செவிப்புலன் மங்கிவிட்டது. ஐயா காலையில் செய்தியைக் கேட்டுவிட்டு, அவருடைய வலது காதருகே அமர்ந்து, முக்கியமானவற்றை உரத்த குரலில் ஒவ்வொன்றாகச் சொல்வார். கூட்டாமல், குறைக்காமல், தம் கருத்தைச் சேர்க்காமல் சொல்வார். நான் பார்த்த நல்ல செய்தி வாசிப்பாளர்களில் அவரும் ஒருவர்.

அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆழ்ந்த அனுதாபங்கள்.