கரையேற்றிய படகு

யாம் கலஹா மலைச்சாரலில் தமிழ் கற்பிக்கினும், பிறந்த மண் வல்வெட்டித்துறையேயாம். அங்குக் கட்டப்பெற்று, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த 'அன்னபூரணி'யின் புகழை யாவரும் அறிவர். அவ்வூரார் என்னும் செருக்கினால் படகைப்பற்றி எல்லாம் அறிவோமென எண்ணியிருந்தோம்.

எம் இளவல் அரிதிற் சேர்த்த பொருளால் ஓர் இயந்திரப் படகு வாங்கினான். வாடைக்காற்று எழுமுன் அதனைக் கரையேற்றி வைத்தற்கு ஏற்ற தளமொன்றைத் தெரிந்து கூறுமாறு எம்மை வேண்டினான். திருகோணமலை உட்குடாவில் காற்று மறைவும் உறுதியான நிலமும் உடைய தளமொன்று இருந்தது. தொலைவும் கூலியும் மிகுதி. யாமோ, அண்மையிற் கூலி குறைந்த மணற்கரைத் தளமொன்றைக் காணாமலே தெரிந்தோம். மார்கழி மழையில் முண்டுகளின் அடிமணல் அரிபட்டது. படகு சரிந்து, ஏராவும் பலகைகளும் பிளந்தன.

மழைநீர் மண்ணை அரிக்க மதில்கள் சரிவதைக் கலஹாவிற் பன்முறை கண்டும், அன்று நிலத்தை நோக்காது கூலியையே நோக்கினோம். இளவல் ஒரு சொல்லேனும் கடிந்திலன்; அதுவே எம்மை இன்றும் வருத்துகின்றது.

நண்பர்காள்! மாணவச் செல்வங்காள்! படகை ஒப்புவிக்குமுன் காற்று வரும் திசையையும், மழைநீர் வடியும் வழியையும், முண்டு ஊன்றும் நிலத்தையும் நேரிற் சென்று காண்மின். கூலியைப் பின்னர்க் கேண்மின்.