ஊர்வாய் போடும் முத்திரை

கே.கே. நகர்,
மதுரை.

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்கு மேலூர்ப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்டதையெல்லாம் உன்கிட்ட கொட்டலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

நம்ம அண்ணன் இயற்கை விவசாயத்துக்கு மாறிட்டாருல்ல? நம்மாழ்வார் பேச்சைக் கேட்டு மாறினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறார். மதினி அடுப்படியில வச்சு உண்மையைப் போட்டு உடைச்சுட்டாங்க: உரக்கடைக் கடன்! டி.ஏ.பி.யும் பூச்சிமருந்தும் கடனுக்கு வாங்கி, அறுத்த நெல்லை அப்படியே கடைக்காரருக்கே அளந்தாங்களாம். மருந்தடிச்ச அன்னைக்கெல்லாம் அண்ணனுக்குத் தலைசுத்தல் வேற.

இப்போ கொல்லையில 200 லிட்டர் டிரம். 10 கிலோ சாணி, கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். ஜீவாமிர்தமாம்! காலையும் சாயங்காலமும் கலக்கிவிடுறது மதினி. "பேரு அவருக்கு, நாத்தம் எனக்கு"ன்னு ஒரே புலம்பல்.

ஆனா இது மலிவான வேலைன்னு நினைக்காதே. 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள்ள கிடைக்குது. களையெடுக்கிற ஆளோட ஒரு நாள் கூலியே அதைத் தாண்டிருது. ஆரம்பத்துல மகசூலும் இறங்கிருச்சு. சொந்த நிலம், தாக்குப்பிடிச்சார். குத்தகைக்காரங்க என்ன பண்ணுவாங்க? மண்ணைத் தேத்திவிட்டதும் நிலத்துக்காரர் திருப்பிக் கேட்டா?

இனிமேதான் விஷயமே. இயற்கை விளைச்சல்னு காட்டுற பி.ஜி.எஸ். முத்திரை வேணும்னா குறைஞ்சது 5 விவசாயிங்க குழுவாச் சேரணும். ஒருத்தர் வயலை இன்னொருத்தர் பார்த்து உறுதி சொல்லணும். அண்ணன் குழு சரியா அஞ்சு பேர். அதுல ஒரு மகராசன் ராத்திரியோட ராத்திரியா யூரியா தூவிட்டார். கொஞ்ச நாள்ல பயிர் கரும்பச்சையா நின்னு காட்டிக்கொடுத்துருச்சு! பெரிய பஞ்சாயத்து. அவரை விலக்கினா மிஞ்சுறது நாலு பேர், குழுவே கலைஞ்சிரும். திட்டித் தீர்த்து, அவர் வயலுக்கு மட்டும் இயற்கைக்கு மாறின காலத்தை முதல்லேருந்து எண்ணணும்னு முடிச்சாங்களாம். அடுத்தவன் வயலை எட்டிப் பார்க்கிற புத்தியை நாம வம்புன்னுதானே சொல்லுவோம்? அந்த முத்திரைக்குக் காவலே அந்த வம்புதான்டி.

இவ்வளவும் தாண்டி, 1999-ல தமிழ்நாட்டோட முதல் உழவர் சந்தை திறந்த நம்ம அண்ணா நகருக்குக் கத்தரிக்காய் கொண்டுவந்தார். சொத்தைன்னு உதட்டைப் பிதுக்கிட்டு ஒரு அம்மா பக்கத்துக் கடைக்குப் போயிருச்சாம். சந்தையில நிக்கிறவங்களுக்கு அந்த முத்திரையாவது கித்திரையாவது!

கிச்சிலிச் சம்பா அரிசி வச்சிருக்கார். உனக்கு எத்தனை கிலோன்னு எழுது, பேரம் பேசாதே. யூரியாக்காரர் யாருன்னு கடுதாசியில எழுத மாட்டேன். நேர்ல வா, சொல்றேன்.

உன்,
மீனா