குசினிக்கென்று ஒதுக்கிய சீட்டுக் காசு

முந்தல் பிரதேசத்தில் களப்பணிக்காக நான் போகும் வீடுகளில், முதல் நாள் முன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார வைப்பார்கள். இரண்டு மூன்று தடவை போய்ப் பழகிய பிறகுதான் குசினிக்குள் போகக் கிடைக்கும். அப்போதும் "உள்ளுக்கு வராதீங்க மிஸ், ஒரே கரி" என்று வெட்கப்படுவார்கள். முன்பக்கச் சுவருக்கு நிறம் தீட்டி, யன்னலுக்குத் திரை போட்ட வீடுகளில்கூட, பின்பக்கம் இறக்கிய கிடுகுப் பத்தியில் மூன்று கல் அடுப்பொன்று புகைந்துகொண்டிருக்கும். விருந்தாளி காணும் இடத்துக்குக் காசு கிடைக்கிறது. பெண் நாளுக்கு ஐந்து ஆறு மணித்தியாலம் நிற்கும் இடத்துக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு வறுமை மட்டும் காரணமல்ல. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். இங்கே கல்பிட்டியிலும் புத்தளத்திலும் முந்தலிலும் தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். வன்னியில் தறப்பாளின் கீழ் மூன்று கல் வைத்துச் சமைத்த சகோதரிகளுக்கு அந்தக் குசினி எப்படியிருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் அடிக்கடி போகும் வீடொன்றில் ஒரு ராத்தா இருக்கிறார். கணவர் இல்லை. காலையில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். "நாளைக்குப் போற ஊரை வச்சிக்கிட்டு இங்க எதுக்கு மேடை கட்டணும்?" என்றே வருடங்களைக் கழித்திருக்கிறார். உலக வங்கியின் நிதியுதவியுடன் 2007 இல் ஆரம்பமான புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் இப்பகுதியில் ஆயிரக்கணக்கான கல்வீடுகள் எழும்பின. இவருக்கும் கல்வீடு வந்தது. ஆனால் விறகு எரித்தால் சுவரெல்லாம் கரியாகிவிடும் என்று, அடுப்பு மட்டும் பின்பத்தியிலேயே இருந்துவிட்டது. 2009 இல் யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் மகன் ஊர்க் காணியைப் பார்க்கப் போய் வந்தார். அதன் பிறகும் போவதா இருப்பதா என்ற பேச்சு முடியவில்லை. அந்தக் குசினியைத் திருத்துவதென்றால் "இனிப் போகமாட்டேன்" என்று கையெழுத்து வைப்பது போல அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் "ஏன் இப்படிப் புகைக்குள் கிடக்கிறீர்கள்" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அவரை அசைத்தது இருமல்தான். பெறாமகள்கள் பேரப்பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பத்தியில்தான் கூடுவார்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே மாவு பிழிவார். வீட்டுப் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் இரண்டு இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல். இதைச் சொன்னபோது ராத்தா பேசாமல் இருந்தார். பிறகு சீட்டுக் காசு 20,000 ரூபா கையில் இருப்பதாகச் சொன்னார்.

மருமகளுக்குச் சுவருக்கு டைல் ஒட்டி, காஸ் அடுப்பு வாங்க வேண்டுமென்று ஆசை. அந்த ஆசையில் பிழையில்லை. ஆனால் 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் காஸ் வைத்திருந்தவர்களும் விறகுக்குத்தான் ஓடினார்கள். மட்டை, பாளை, சிரட்டை, பொச்சு என்று தென்னை தருகிற விறகு இங்கே தோட்டத்தில் கிடக்கிறது. ஆகவே விறகு இருக்கட்டும், புகை போகட்டும் என்று முடிவெடுத்தோம். இருக்கிற காசில் முதலில் புகைக்கு, பிறகு முதுகுக்கு, அதன் பிறகு வெளிச்சத்துக்கு. அழகு கடைசியில்.

முதலில் அனகி அடுப்பு. 1980களில் இலங்கையிலேயே உருவாக்கப்பட்ட இந்த மண் அடுப்பை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு வாயில் விறகு வைத்தால் நெருப்பு முதல் பானையைத் தொட்டு, உள்வழியாக இரண்டாவது பானைக்கும் போகும். முன்னே சோறு கொதிக்கப் பின்னே கறி வற்றும். மூன்று கல் அடுப்பைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விறகு மிச்சம். வாங்கி அப்படியே வைத்து எரிப்பவர்கள் உண்டு, சீக்கிரம் வெடித்துவிடும். களிமண்ணும் மணலும் உமியும் குழைத்துச் சுற்றிவரத் தடிப்பாக அப்பி, நன்றாகக் காயவிட்டுத்தான் நெருப்பு வைக்க வேண்டும்.

ராத்தா கேட்ட முதல் கேள்வி, "போறதெண்டா இதக் கழட்டிக்கிட்டுப் போகலாமா?" என்பது. போகலாம். மண்ணை உடைத்தால் அடுப்பு தனியாக வந்துவிடும். அதனால் மேடையையும் சீமெந்துச் சாந்தில்லாமல் புளொக் கல்லைக் களிமண் வைத்து அடுக்கி, மேலே கொங்கிறீட் பலகை ஒன்றை வைத்துச் செய்தோம். வேண்டுமென்றால் கல் கல்லாகக் கழற்றலாம். இதைக் கேட்ட பிறகுதான் அவருடைய முகம் தெளிந்தது.

மேடையின் உயரத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மேசன்மார் காஸ் அடுப்புக்குக் கட்டும் மூன்றடி உயரத்திலேயே கட்டிவிடுவார்கள். விறகடுப்பும் பானையும் சேர்ந்து இன்னும் ஒன்றரை அடி உயரும். தோளைத் தூக்கித் துழாவ வேண்டிவரும். ராத்தா கட்டை ஆள். பானைக்குள் அகப்பை விடும்போது முழங்கை மடிந்து இலகுவாக இருக்கும் உயரத்தை அளந்து பார்த்ததில், மேடை இரண்டடிக்கும் குறைவாகவே வந்தது. உங்கள் மேடையை உங்கள் கையால் அளவுங்கள், மேசனின் கையால் அல்ல. கீழே உள்ள இடைவெளியில் விறகை அடுக்கினால் அது ஈரமில்லாமல் இருக்கும். இந்த வீட்டில் பாதிப் புகை ஈரப் பொச்சினால்தான் வந்தது.

அனகிக்குப் புகைபோக்கி கிடையாது. எனவே பத்தியிலிருந்து புகை வெளியேற வழி வேண்டும். இந்தக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் வேகம் எல்லோருக்கும் தெரியும். பத்தியின் திறப்பு அந்தப் பக்கம் இருந்ததால், புகையெல்லாம் திரும்பி வீட்டுக்குள்ளேதான் போனது. அப்பக்கத்தைக் கிடுகால் அடைத்து, எதிர்ப்பக்கம் சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஓரடி திறந்துவிட்டோம். அதற்குக் காசே செலவாகவில்லை. அடுப்புக்கு நேர் மேலே கரி பிடித்துத் தொங்கிய கிடுகை இறக்கிவிட்டுத் தகரம் போட்டோம். கரிக் கிடுகில் ஒரு பொறி பட்டால் வீடே போய்விடும். அடுப்புக்குத் தள்ளி ஓரிடத்தில் வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் சீட் ஒன்று. பகலிலும் மின்குமிழ் எரிந்த பத்தி அது.

சுவருக்குச் சுண்ணாம்புதான். தூள் சுண்ணாம்பை முதல் நாள் இரவே ஊறவைத்து, கைப்பிடி உப்புச் சேர்த்து, இரண்டு தரம் அடித்தால் போதும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. உப்புக் காற்றில் டின் எல்லாம் துருப்பிடிப்பதால், சாமான்களுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல்கள்; அவற்றுக்குத் தென்னஞ் சலாகையில் ஒரு தட்டு. பாத்திரம் கழுவும் இடத்துத் தண்ணீர் வாசலில் தேங்கி நுளம்பு பெருகிக்கொண்டிருந்தது. ஒரு துண்டுக் குழாய் வைத்து அதை வாழைக்குத் திருப்பினோம்.

எல்லாம் முடிய இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சமிருந்தது. மருமகள் அதை எடுத்துக்கொண்டு மதுரங்குளிக்குப் போய், ஹாட்வெயார் கடையில் மிஞ்சிக் கிடந்த ஒற்றை டைல்களைப் பேரம் பேசி வாங்கி வந்தார். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்சுவர் எந்நாளும் நனைகிறது. அங்கே டைல் வீண் செலவும் அல்ல. எட்டு டைல், எட்டு நிறம். ராத்தா இப்போது என்னை முன் விறாந்தையில் உட்கார வைப்பதில்லை.