செம்பிற் களிம்பு

'பிக்கப் இல்லை' என்றதும் கார்புரேட்டரைக் கழற்றுவது எங்கள் தூத்துக்குடிப் பட்டறைகளின் வழக்கம். எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு அது இருமுறை நடந்தும் பயனில்லை. 2014இல் உற்பத்தியே நின்றுபோன வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். வாரந்தோறும் அப்பாவைப் பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல எங்களுக்கு வேறு வாகனமில்லை.

வேகம் மந்தமாவதோடு உதறலும் சேர்ந்தால் தீப்பொறியையும் ஐயுற வேண்டும். "மிஸ்ஸிங் அடிக்குது அண்ணாச்சி" என்ற முதிய மெக்கானிக், இயந்திரம் ஓடுகையிலேயே காப்பிட்ட குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றைக் கழற்றியபோது உறுமல் தளர்ந்தது. இரண்டாம் சிலிண்டருக்குரியதைக் கழற்றியபோது மாற்றமே இல்லை. அது முன்னமே உறங்கிக்கொண்டிருந்தது. பிளக்கோ புதியது.

இருட்டியபின் பானெட்டைத் திறந்து பார்க்கச் சொன்னார். ஒயரின் வெடிப்பிலிருந்து நீலப்பொறி இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. பல்லாயிரம் வோல்ட், எவரையும் அவர் அருகே விடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியினுள், உப்பளக் காற்றின் ஈரத்தால், பித்தளை முனைகளில் பச்சை படர்ந்திருந்தது. சித்தாந்த வகுப்பில் ஆணவத்துக்கு உவமையாக நாம் சொல்லிவரும் செம்பிற் களிம்பு இதுதான் போலும்!

மூடியும் ஒயர்களும் மாறின. அவ்வாரம் வல்லநாட்டு ஏற்றத்தில் கியரைக் குறைக்க நேரவில்லை. அப்பா பின்னிருக்கையில் உறங்கிவிட்டார்.